இன்று வெள்ளிக்கிழமையா?

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளருக்கும் நடமாட இயலாத முதியோருக்கும் நற்கருணை எடுத்துச் செல்வது நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். ஓடைப்பட்டியைச் சூழ்ந்துள்ள சிற்றூர் ஒன்றில், 78 வயது நிரம்பிய கைம்பெண் ஒருவருக்கு நாமும் அவ்வாறே பதினொரு மாதங்கள் எடுத்துச் சென்றோம். சாலையின் இருமருங்கும் திராட்சைப் பந்தல், தொலைவில் மேகமலை. காலையின் குளிர்ந்த காற்றில் அவ்வழியே செல்வது நமக்கு எப்போதுமே மனநிறைவு தரும் பயணம்.

அவ்வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கூடத்தின் நடுவே கட்டில். அதன்மேல் சலவை செய்த விரிப்பு. சிறு மேசையில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், எரியும் இரு மெழுகுதிரிகள். மகனும் மருமகளும் கைகூப்பி நிற்பர். தலைவாரி, தூய சேலை உடுத்திய மூதாட்டியார் பக்தியோடு நற்கருணை வாங்குவார். "நல்லா இருக்கீங்களா அம்மா?" என்போம். "மாதா புண்ணியத்துல நல்லா இருக்கேன் சாமி" என்பார். அதைச் சொல்லுமுன் அவருடைய கண்கள் ஒருகணம் மகனை நோக்கித் திரும்பும். அதை நாம் பாசம் என்று கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மறையுரையில், பெயர் குறிப்பிடாமல், அக்குடும்பத்தை எடுத்துக்காட்டாகவும் கூறினோம்.

பன்னிரண்டாம் மாதத்தில் ஒருநாள், அவ்வூரில் நடந்த அடக்கச் சடங்கு முடிந்து திரும்புகையில், முன்னறிவிப்பின்றி அவ்வீட்டை எட்டிப் பார்த்தோம். அன்று செவ்வாய்க்கிழமை, நண்பகல். வீடு பூட்டியிருந்தது. திரும்ப எத்தனிக்கையில் கொல்லைப் பக்கமிருந்து முனகல் ஒன்று கேட்டது. அங்கே தகரக் கொட்டகை ஒன்று. திராட்சைப் பெட்டிகளும் மருந்தடிக்கும் கருவியும் வைக்குமிடம். வெளியே தாழ் போடப்பட்டிருந்தது. திறந்தோம். தரையில் விரித்த சாக்கின்மேல் அவர் கிடந்தார். கைக்கெட்டாத மூலையில் தண்ணீர்க் குடம். தட்டில் காய்ந்துபோன சோறு, அதில் எறும்பு. அவருடைய உடையைக் குறித்து எழுத வேண்டியதில்லை.

நம்மைக் கண்டதும் அவர் பதறி, நடுங்கும் கையால் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கேட்டார்: "இன்னைக்கு வெள்ளிக்கிழமையா சாமி? என்னையக் கூடத்துக்குத் தூக்கிட்டுப் போகலையே?"

அன்பர்களே, நாம் குருத்துவம் பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மரணப் படுக்கைகள் பலவற்றின் அருகே நின்றிருக்கிறோம். எனினும் அந்த ஒரு கேள்விக்கு முன் நம் நாவு எழவில்லை. மாதத்தில் ஒருநாள், நம் கண்ணுக்காக, அத்தாய் கூடத்திற்கு வந்தார். எஞ்சிய நாட்களெல்லாம் கொட்டகையில் கழிந்தன. பதினொரு முறை அவ்வீட்டு வாசற்படி மிதித்த நாம் ஒருமுறையேனும் அவரிடம் தனியாகப் பேசியதில்லை. தாத்தாவின் மண்சட்டியைத் தன் தந்தைக்கென எடுத்துவைத்த பேரனின் கதையைப் பிரசங்கங்களில் எத்தனையோ முறை சொன்ன நமக்கு, நம் கண்ணெதிரே இருந்த மண்சட்டி தெரியவில்லை.

இக்கட்டுரை பிறர் குற்றத்தை அம்பலப்படுத்த எழுந்ததன்று. நம் குருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்ளவே எழுதுகிறோம். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதுமன்று. அந்த முத்திரையை எவரும் உடைக்கலாகாது. கண்ணால் கண்டதை, அம்மகனின் இசைவோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறோம்.

கொடுமை என்பது எது?

முதியோரைக் கொடுமைப்படுத்துதல் என்றதும் அடியும் உதையுமே நம் நினைவுக்கு வருகின்றன. "எங்கள் வீட்டில் எவரும் கை நீட்டுவதில்லை" என்று நாம் நிம்மதி கொள்கிறோம். உண்மையோ வேறு. வயது முதிர்ந்த பெற்றோர் தாக்கப்படுவதைக் குறித்து மருத்துவ ஏடுகளில் முதன்முதலாக எழுதியவர்கள் பிரிட்டன் நாட்டு மருத்துவர்கள், ஆண்டு 1975. அதற்குப்பின் நடந்த ஆய்வுகள் அடியைக் காட்டிலும் மிகுதியான வேறு கொடுமைகளை வெளிக்கொணர்ந்தன. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கணக்கை உலக சுகாதார நிறுவனம் எடுத்துரைக்கிறது. அதன்படி, 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒருவகைக் கொடுமைக்கு ஆளாகிறார். அவற்றுள் முதலிடம் வகிப்பது மனத்தைப் புண்படுத்துதல். அடுத்தது பணத்தையும் சொத்தையும் பறித்தல். மூன்றாவது கவனியாது விடுதல். அடித்தல் அதற்கும் பின்னரே வருகிறது.

ஆகவே, "இன்னும் சாகாமல் இருக்கிறாயே" என்னும் சொல் கொடுமை. நாட்கணக்கில் அவரிடம் எதுவும் பேசாதிருத்தல் கொடுமை. அவருடைய உதவித்தொகையை அவர் கேளாமலே எடுத்துச் செலவிடுதல் கொடுமை. உடைந்த மூக்குக்கண்ணாடியை மாதக்கணக்கில் மாற்றித் தராதிருத்தல், படுக்கையை நனைப்பார் என்றஞ்சித் தண்ணீரைக் குறைத்தல், தொல்லை தராமல் கிடக்கட்டும் என்று தூக்க மாத்திரையைக் கூட்டித் தருதல் யாவும் கொடுமையே. இவற்றில் எதற்கும் கோல் தேவையில்லை. ஆனால் ஒவ்வொன்றும் உயிரைச் சிறிது சிறிதாகக் குடிக்கின்றது.

இதன் கொடிய எல்லையையும் நம் தென் மாவட்டங்கள் கண்டிருக்கின்றன. விருதுநகர், மதுரை முதலிய பகுதிகளில் 'தலைக்கூத்தல்' என்ற பெயரில், படுத்த படுக்கையான முதியவரின் மரணத்தை வீட்டாரே விரைவுபடுத்தும் வழக்கம் நிலவியதை நாம் அறிவோம். விருதுநகர் மாவட்டத்தில், தம் பிள்ளைகள் தம்மை முடித்துவிடத் திட்டமிடுவதைச் செவியுற்ற முதியவர் ஒருவர் தப்பியோடி உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்த செய்தி 2010இல் வெளியாகி நாட்டையே உலுக்கியது. இவ்வழக்கத்தைப் பொருளாகக் கொண்ட 'பாரம்' என்னும் திரைப்படம், 2019இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. இதைச் செய்வோர் இதனைக் கொலை என்று சொல்வதில்லை. "கஷ்டப்படாமல் போகட்டும்" என்றே சொல்கின்றனர். பயனற்ற கடுஞ்சிகிச்சையை நீட்டிக்க வேண்டும் என்று திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் உணவும் நீரும் அரவணைப்பும் மறுத்து ஓர் உயிரை அனுப்பிவைக்க எவருக்கும் உரிமையில்லை. கொட்டகையின் தாழுக்கும் தலைக்கூத்தலுக்கும் இடையேயுள்ள தொலைவு நாம் எண்ணுவதைவிடக் குறைவு. இரண்டிற்கும் வேர் ஒன்றே: 'இவர் இனி எதற்கு?' என்னும் எண்ணம்.

அவர்கள் ஏன் சொல்வதில்லை?

அன்று அம்மூதாட்டியாருக்குத் தண்ணீர் கொடுத்து, சாய்த்து உட்காரவைத்தபின், அவர் நம்மிடம் முதலில் கேட்டது உணவன்று. "மகன ஒண்ணும் சொல்லிறாதீங்க சாமி. அவன் கடன்ல கெடக்கான். மருமவ விடியாம ஜீப்புல ஏலத்தோட்டத்துக்குப் போயிட்டு இருட்டுனப்புறம் வருது. நானும் விழுந்து கிடந்தா அதுக என்னதான் செய்யும்?" என்றார்.

தாயின் நெஞ்சு இது. உலகெங்கும் இவ்வாறே. இருபத்துநான்கு கொடுமைகளில் ஒன்றே வெளியே தெரியவருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பிள்ளையைக் காட்டிக்கொடுக்கப் பெற்றவர் விரும்புவதில்லை. ஊர் சிரிக்கும் என்ற வெட்கம் ஒருபுறம். சொன்னால் இருக்கும் மூலையும் போய்விடும் என்ற அச்சம் மறுபுறம். வளர்ப்பில்தான் எங்கோ பிழை என்று தம்மையே நொந்துகொள்வோரும் உண்டு. எனவே, "எவரும் முறையிடவில்லையே" என்பது நமக்குச் சமாதானமாகாது. முறையிடாதவரிடமும் நாம் கண்டறிய வேண்டும்.

கண்டறியும் வழி

மருத்துவரும் சமூகப் பணியாளரும் கூறும் அடையாளங்கள் சிலவற்றை நம் குடும்பத்தார் மனத்தில் இருத்துவது நன்று. காரணம் தெரியாத உடல் மெலிவு, உலர்ந்த உதடு, முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண், வாராத தலை, வெட்டாத நகம், நாட்கணக்கில் மாற்றாத உடை. கையின் மேற்பகுதியில் விரல் பதிந்த கன்றல். ஒரே இடத்தில் அடுத்தடுத்துக் காயம். "விழுந்துவிட்டார்" என்று ஒவ்வொரு முறையும் ஒரே விளக்கம். காணாமற்போன கைத்தடி, கண்ணாடி, செவிக்கருவி. வழக்கமாகக் கோவிலுக்கு வந்தவர் திடீரென்று நின்றுபோதல். ஒரு குறிப்பிட்ட ஆள் அறைக்குள் வந்ததும் பேச்சை நிறுத்துதல். நாம் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவருக்குப் பதிலாக வேறொருவரே விடை சொல்லுதல். திடீரென எழுதப்பட்ட பத்திரம். திடீரென வற்றிய வங்கிக் கணக்கு.

இவற்றுள் இரண்டை நாமே பதினொரு முறை கண்டும் காணாதிருந்தோம்: மகனை நோக்கித் திரும்பிய கண், ஒருபோதும் தனியே விடப்படாமை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. முதுமையில் தோல் மெலிந்துவிடுவதாலும், குருதி உறையாதிருக்க உட்கொள்ளும் மருந்தாலும் சிறு இடிக்கே கன்றிப்போவதுண்டு. மறதி நோய் கண்டவர் உண்ட பின்னும் "சோறே போடவில்லை" என்று அயலாரிடம் சொல்வதுண்டு. ஆதலால் ஓர் அடையாளத்தைக் கண்டதும் பழி சுமத்தக்கூடாது. ஆனால் பார்த்தும் பாராமல் போகவும் கூடாது. மீண்டும் செல்லுங்கள். வேறொரு நாளில், வேறொரு வேளையில் செல்லுங்கள். சற்றுநேரம் தனியே அமர்ந்து, "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? இரவில் தாகமெடுத்தால் யார் தண்ணீர் தருவார்கள்?" என்று எளிய கேள்விகளைக் கேளுங்கள். அன்பான கேள்விக்கு அச்சமும் மெல்ல மெல்ல வாய் திறக்கும்.

பத்திரம் எழுதுமுன்

அம்மூதாட்டியாரின் கதையில் திரும்புமுனை ஒரு பத்திரப்பதிவு நாள். கணவர் விட்டுச்சென்ற ஓர் ஏக்கர் திராட்சைத் தோட்டம் அவர் பெயரில் இருந்தது. வங்கிக் கடனுக்கு வசதியாக இருக்கும் என்று மகன் கேட்க, தான செட்டில்மெண்டாக எழுதி, பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்தார். அதுவரை கூடத்திலிருந்த கட்டில் அதன்பின் தாழ்வாரத்திற்குப் போயிற்று. அவர் இடுப்பு முறிந்து விழுந்தபின் கொட்டகைக்கே போயிற்று. தொடக்கத்தில் எவரும் தீங்கெண்ணவில்லை. கையில் ஒன்றுமில்லாதவரின் சொல்லுக்கு வீட்டில் எடையில்லாமற்போகும்; அவ்வளவே.

இது இன்று நேற்று தோன்றிய சிக்கலன்று. உயிரோடிருக்கும்வரை மகனுக்கோ மனைவிக்கோ உடன்பிறந்தாருக்கோ நம்மீது அதிகாரம் தர வேண்டாம் என்றும், பின்னர் இரந்து நிற்கும்படி உடைமையைக் கைமாற்ற வேண்டாம் என்றும், வாழ்நாள் முடியும் வேளையில் பகிர்ந்தளிப்பதே முறை என்றும் சீராக்கின் ஞானநூல் 33ஆம் அதிகாரம் அறிவுறுத்துகிறது. கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்னரே எழுதப்பட்ட அறிவுரை இது.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்வது: உயிலை நீங்கள் உயிரோடிருக்கும்வரை மாற்றலாம், பதிவு செய்து கொடுத்த தானத்தை நினைத்தபடி திரும்பப் பெற இயலாது. இயன்றவரை உயிலே எழுதுங்கள். இப்போதே கொடுத்துத்தான் ஆகவேண்டுமெனில், உங்கள் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையையும், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அப்பத்திரத்திலேயே எழுதச் செய்யுங்கள். வங்கி அட்டையையும் அதன் இரகசிய எண்ணையும் பேரன் கையில் ஒப்படைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு நாம் சொல்வது: இந்நிபந்தனையை அவநம்பிக்கை என்று கொள்ளாதீர்கள். நாளை உங்கள் மனம் சோர்வடையும்போது உங்களைக் காப்பதும் அதுவே.

சட்டம் தரும் துணை

2007ஆம் ஆண்டு நம் நாடாளுமன்றம் 'பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நல்வாழ்வுச் சட்டத்தை' இயற்றியது. தமிழகத்தில் அதற்கான விதிகள் 2009இல் வகுக்கப்பட்டன. பராமரிக்கப்படாத பெற்றோர், வயது எதுவாயினும், தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பிள்ளைகளற்ற 60 வயது நிரம்பியவர் தம் சொத்துக்கு உரியவராகும் உறவினர்மீது முறையிடலாம். வருவாய்க் கோட்டாட்சியரே தீர்ப்பாயத்தின் தலைவர். ஓடைப்பட்டிப் பகுதி மக்கள் உத்தமபாளையம் கோட்டாட்சியரை அணுக வேண்டும். முதியவர் தாமே எழுதிக் கொடுக்கலாம். இயலாதெனில் அவர் இசைவு பெற்ற வேறொருவரோ தொண்டு நிறுவனமோ கொடுக்கலாம். 90 நாட்களுக்குள் முடிவு காண வேண்டும் என்பது விதி. மாதந்தோறும் பராமரிப்புத் தொகை தரும்படி தீர்ப்பாயம் ஆணையிடலாம். முதியவரைப் பராமரிக்கும் பொறுப்புடையவர் அவரை நிரந்தரமாகக் கைவிடும் நோக்கத்தோடு எங்கேனும் விட்டுச்செல்வது மூன்று மாதம்வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு நம் மக்கள் அவசியம் அறிய வேண்டியது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் அதைச் செய்ய மறுத்தால், அப்பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் உண்டு. அந்நிபந்தனை இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. முதியோரின் நலனைக் கருதி இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025இல் தீர்ப்பளித்து, தாய் ஒருவர் மகனுக்கு எழுதிய தானத்தை நீக்கியது. நிபந்தனையைத் தெளிவாக எழுதிவைத்தால் இவ்வழக்காடலே தேவைப்படாது.

மேலும், 14567 என்னும் எண்ணில் முதியோருக்கான உதவித் தொலைபேசி இயங்குகிறது, கட்டணமில்லை. இவ்வெண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி முதியவரின் கட்டிலருகே ஒட்டிவைக்கலாம். உயிருக்கு ஆபத்து எனத் தோன்றினால், குடும்ப மானம் பார்த்துக் காலம் தாழ்த்தலாகாது. காவல் துறையை உடனே நாட வேண்டும்.

சுமப்போரின் சுமை

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அன்று மாலை வீடு திரும்பிய மருமகள் நம்மைக் கண்டு முதலில் சினந்தார், பின்னர் அழுதார். பருவந்தவறிப் பெய்த மழையில் பழம் வெடித்து வீணாகியதிலிருந்து அவ்வீட்டில் கடன். கணவர் கூலிக்குப் போகிறார். அவரோ இருட்டோடு எழுந்து, ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, ஏலக்காய் பறித்து, இருட்டிய பின் திரும்பி, அதற்குமேல் ஈரத்துணி அலசி, சோறாக்கி, மாமியாரைத் தூக்கித் துடைத்து உறங்கும்போது நள்ளிரவு. "தாழ் போட்டது அவங்க நகர்ந்து வெளிய வந்து கிணத்துப் பக்கம் போயிறக் கூடாதுன்னுதான் சாமி" என்றார். பிறகு தயங்கி, "புதுசா வந்த காலத்துல என்னைய அவங்க என்ன பாடு படுத்துனாங்கன்னு ஊருக்கே தெரியும்" என்றார்.

இரண்டும் உண்மையாக இருக்கலாம். முதுமை எவரையும் புனிதராக்கிவிடுவதில்லை. மாமியார் ஆட்சியின் கணக்கை மருமகள் ஆட்சியில் தீர்த்துக்கொள்ளும் வீடுகள் நம்மிடையே உண்டு. ஆனால் பழைய கடனைப் பழிவாங்கித் தீர்க்கலாகாது. மன்னித்தே தீர்க்க வேண்டும். தந்தையின் அறிவாற்றல் குன்றினாலும் பொறுமையோடிருக்க வேண்டும், வலிமையுள்ள காலத்தில் அவரை இகழலாகாது என்று சீராக் மூன்றாம் அதிகாரம் கற்பிக்கிறது. 'குன்றினாலும்' என்பதைக் கவனியுங்கள். இனிமையான முதியவரை அன்பு செய்யக் கட்டளை வேண்டியதில்லை. கடினமானவருக்காகவே கட்டளை தரப்பட்டது.

அதேவேளை, ஓயாது சுமப்பவர் ஒருநாள் முறிந்துவிடுவார். முறிந்தவர் கையில்தான் முதியவர் துன்புறுகிறார். எனவே கொடுமையைத் தடுக்க விரும்புவோர் முதலில் பராமரிப்பவருக்கு ஓய்வு தர வேண்டும். வெளியூரில் இருக்கும் மகனும் மகளும் தொலைபேசியில் அறிவுரை கூறுவதோடு நில்லாமல் பணமாகவோ உடலுழைப்பாகவோ பங்கேற்க வேண்டும். பெற்றவரைப் பேணுவது மருமகளின் பணி மட்டுமன்று; நான்காம் கட்டளை முதற்கண் பிள்ளைக்கே தரப்பட்டது.

பங்கின் கடமை

இங்கே நாம் வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவ்வாண்டுத் திருவிழாவிற்கு அம்மகன் கடன் வாங்கிப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்திருந்தார். நாம் அதைப் பீடத்திலிருந்து பெயர் சொல்லி அறிவித்து நன்றி கூறினோம். பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளை 'கொர்பான்', கடவுளுக்குரிய காணிக்கை என்று சொல்லி ஒதுக்கியவர்களை நம் ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அக்கண்டனம் கொடுத்தவருக்கு மட்டுமா? வாங்கிய கைக்கும் அதில் பங்குண்டு. கொட்டகையில் தாய் கிடக்க, கோவிலில் விளக்கெரிப்பது இறைவனுக்கு உவப்பாகுமோ?

அன்றுமுதல் நம் பங்கில் சில மாற்றங்களைச் செய்தோம். நற்கருணை கொண்டு செல்லும் நாளை முன்கூட்டி அறிவிப்பதோடு, அறிவிக்காத நாளிலும் செல்கிறோம். பாவசங்கீர்த்தனம் கேட்பதற்கென எல்லோரையும் வெளியே அனுப்பி, முதியவரோடு தனியே சற்றுநேரம் அமர்கிறோம். அன்பியங்களில் வீட்டோடு கிடக்கும் முதியோரின் பட்டியல் எடுத்தோம். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் முறைவைத்து, நண்பகல் வேளைகளில் இருவர் இருவராகச் சென்று, உணவூட்டி, தலைவாரி, செபமாலை சொல்லி வருகின்றனர். செலவு ஏதுமில்லை, ஒரு மணி நேரமே. அந்த ஒரு மணி நேரம் முதியவருக்குத் துணை, மருமகளுக்கு இளைப்பாறல், வீட்டாருக்கு 'ஊர் பார்க்கிறது' என்ற நினைவு.

1839ஆம் ஆண்டு குளிர்காலத்தில் பிரான்ஸ் நாட்டில் ஜான் ஜுகான் என்ற ஏழைப் பெண்மணி, பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் குடியிருப்பிற்குக் கொண்டுவந்து, தம் சொந்தக் கட்டிலிலேயே கிடத்தினார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அக்கட்டிலிலிருந்தே தோன்றியது. அவ்வம்மையாரும் பின்னாளில் தாம் தொடங்கிய சபையிலேயே பல்லாண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்டு, மறக்கப்பட்டு மறைந்தவரே. 2009இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உலக நாளொன்றை ஏற்படுத்தினார். புனிதர்கள் சுவக்கின், அன்னா திருநாளையொட்டி, ஜூலை நான்காம் ஞாயிறன்று அது வருகிறது. அன்று கோவிலில் பொன்னாடை போர்த்துகிறோம், நல்லதே. ஆனால் திங்கட்கிழமை அவர் எங்கே படுத்திருக்கிறார் என்பதையும் போய்ப் பார்ப்போம்.

அம்மூதாட்டியார் வழக்குத் தொடர இறுதிவரை இசையவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மகனுக்கு நாம் தெளிவாகவே எடுத்துரைத்தோம். இந்நிலை தொடருமானால் நாமே உத்தமபாளையம் செல்வோம் என்றும் சொன்னோம். அவர் தலைகுனிந்து கேட்டார். வெளியூரிலிருந்த மகள் மாதம் ஒருமுறை வந்து ஒரு வாரம் தங்க ஒப்புக்கொண்டார். உதவித்தொகை மூதாட்டியார் கைக்கே வந்தது. கட்டில் கூடத்திற்குத் திரும்பிற்று. அதன்பின் பதினான்கு மாதங்கள் அவர் வாழ்ந்தார். எல்லா நாளும் இனிமையாகக் கழிந்தன என்று சொல்ல மாட்டோம். சண்டையும் இருந்தது, சலிப்பும் இருந்தது. ஆனால் தாழ் இல்லை. நோயில்பூசுதல் பெற்று, கூடத்தில், மருமகள் வாயில் தண்ணீர் ஊற்ற, அவர் கண்மூடினார்.

அடக்கம் முடிந்த சில நாட்களில் மகன் நம்மிடம் வந்தார். "கொட்டகையில இருந்த அந்த நாளெல்லாம் இனி எனக்குத் திரும்பக் கிடைக்காதே சாமி" என்று விம்மினார். எழுதலாமா என்று கேட்டோம். "எழுதுங்க சாமி. பேரைப் போடாம எழுதுங்க. இன்னொரு வீட்டுலயாவது கதவு தொறக்கட்டும்" என்றார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, இவ்விதழை மூடிவைக்குமுன் எழுந்து, உங்கள் வீட்டிலிருக்கும் முதியவர் படுத்திருக்கும் இடத்திற்குச் செல்லுங்கள். தண்ணீர் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பு அருகில் அமர்ந்து ஐந்து நிமிடம் பேசுங்கள். சிலுவையில் தொங்கிய வேளையிலும் தம் தாய்க்கு ஒரு வீட்டைத் தேடித்தந்த ஆண்டவர், நம் இல்லங்களிலும் ஒவ்வொரு தாய்க்கும் தந்தைக்கும் கூடத்தில் ஓர் இடம் இருக்க அருள்வாராக. அவர்களுக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமையாகட்டும்.